கொத்து, புட்டு, இடியப்பம்: சாப்பாட்டுச் சிலேடையும் நம்முடைய பழைய கோட்டும்

குளக்கட்டு (வட்டக்கச்சி)

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். போன கிழமை பைதன் நிரல்மொழியில் சரம் பற்றிய பாடம். "ஸ்ட்ரிங் என்றால் எழுத்துகளின் தொடர்" என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பு முழுக்க ஒரே அமைதி. அப்போது பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இடியப்பத்துக்கு இங்கிலிஷில் ஸ்ட்ரிங் ஹொப்பர்ஸ் என்றுதானே சொல்கிறவர்கள்? அந்த ஸ்ட்ரிங்கா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பலகையைத் துடைத்துவிட்டு ஒரு இடியப்ப உரலை வரைந்தேன். உரலில் இருந்து மா இழையாக இறங்குகிறது. எது முதலில் இறங்கியது, எது பிறகு இறங்கியது என்ற ஒழுங்கு இருக்கிறது. நடுவில் அறுத்தால் இரண்டு துண்டு. இன்னொரு இழையை அதன் வாலில் ஒட்டவும் செய்யலாம். இழை ஒரு சரம். ஒன்றன்பின் ஒன்றாக வைத்த தட்டுகள் சரங்களின் அணி, அரே. மணி அடிப்பதற்கு முன்னரே சரத்தை வெட்டுவது, ஒட்டுவது, நீளம் எண்ணுவது மூன்றையும் பிள்ளைகள் தாங்களாகவே செய்து காட்டிவிட்டார்கள்.

அதனால் இரண்டு கேட்கிறேன். ஒன்று, நம் ஊர்ச் சாப்பாட்டுச் சொல்லில் உங்களுக்குத் தோன்றும் கணினிச் சிலேடை. இரண்டு, நீங்கள் எழுதிய பழைய கோட், அதாவது நிரல், ஒன்றின் கதை, முடிந்தால் அதிலும் சாப்பாடு இருக்கட்டும். வகுப்பில் பயன்படுத்தப் போகிறேன்.

முறிகண்டிக் கச்சான் (மாங்குளம்)

சேர், என்னுடைய பெயரிலேயே ஒன்று இருக்கிறது. ஏ9 வீதியால் போகிற எவரும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு சுருள் கச்சான் வாங்காமல் வாகனம் ஏறுவதில்லை. அந்தக் கச்சான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யுனிக்ஸ் இயங்குதளத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். நடுவில் இருந்து உண்மையான வேலை செய்வது கேர்னல், அதாவது பருப்பு. அதைச் சுற்றி இருந்து நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி உள்ளே கொடுப்பது ஷெல், அதாவது கோது. இதில் நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. பருப்பைச் சுற்றி இருப்பதால்தான் ஆங்கிலத்திலும் அதற்குக் கோது என்று பெயர் வந்தது.

அப்புறம் இன்னொன்று. பிட் என்றால் நமக்குப் பிட்டு. எட்டுப் பிட்டு சேர்ந்தால் ஒரு பைட்.

ஐஸ்பழம் (ஆண்டு 12)

அந்தப் பின்வாங்குப் பிள்ளை நான்தான் சேர்!

என்னுடையது இது. ஜாவாக்காரர் கோப்பையில் கோப்பியைக் குடித்துக்கொண்டே கொப்பியில் இருந்ததைக் கொப்பி பண்ணிக் கோப்பில் போட்டார். வேகமாக மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இன்னும் ஒருவராலும் முடியவில்லை.

பாலைமரத்தடி (வவுனியா)

தங்கச்சி, உன் வசனத்தை அலுவலகத்தில் வாசித்துக் காட்டினேன். நாலு பேர் தோற்றார்கள். இது இலங்கைத் தமிழில் மட்டும் விளைகிற பயிர். காப்பி என்று எழுதுகிற ஊரில் கோப்பும் கோப்பியும் இவ்வளவு நெருங்கி வராது. ஜாவா நிரல்மொழிக்கு முதலில் வைத்த பெயர் ஓக். அலுவலகத்துக்கு வெளியே நின்ற மரத்தின் பெயர் அது. 1995இல் வெளியிடும்போதுதான் கோப்பியின் பெயராக மாறியது. ஓக் என்றே விட்டிருந்தால் உன் வசனம் பிறந்திருக்காது.

ஆனால் கச்சான் தம்பியுடைய பிட்டை நான் ஏற்கமாட்டேன். இதை உண்மையாகவே யோசித்துச் சொல்கிறேன். காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடினார். அங்கே ஒலி ஒற்றுமை மட்டும் இல்லை. பாம்பும் தோலுரிக்கும், பழத்தையும் தோலுரிக்கிறோம். ஒவ்வொரு குணமும் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. இடியப்பமும் கச்சானும் அந்த வகை, செயலும் பொருந்துகிறது. பிட்டும் பிட்டும் காதுக்கு மட்டும்தான் ஒன்று. பிட் என்பது 0 அல்லது 1, அதற்குமேல் பிரிக்க முடியாது. பிட்டு உதிர்ந்துகொண்டே போகும். ஒரு பிள்ளை அதை வைத்து விளங்கிக்கொண்டால் பிழையாக விளங்கிக்கொள்ளும்.

முறிகண்டிக் கச்சான்

அண்ணை, நீங்கள் சொல்வது நியாயம்தான். இருந்தாலும் பிட்டை விட எனக்கு மனமில்லை, அதனால் கணக்குப் பார்த்தேன். "பிட்டு" என்ற சொல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் கொடுக்கிற யூனிகோட்டில் எழுதினால் ப, இகரக் குறி, ட, புள்ளி, ட, உகரக் குறி என்று ஆறு குறியீடுகள். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து, உள்ளே இருப்பது ஆறு. அந்த எண்களைப் பைட்டாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 18 பைட், 144 பிட். ஒரு பிட்டுக்குள் 144 பிட். இதைக் கேட்ட பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி இருக்கிறது என்பது மறக்காது. பிட் என்றால் என்ன என்று சொல்லத்தான் பிட்டு உதவாது, பிட்டை எண்ணிப் பார்க்க உதவும்.

சாப்பாட்டைக் கணினிக்குள் கொண்டுவந்தது நாங்கள் மட்டுமில்லை. 1956இல் வேர்னர் புக்கோல்ஸ் பைட் என்ற சொல்லை உண்டாக்கியபோது கடி என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத்தான் எடுத்தார். பிட்டோடு குழம்பக்கூடாது என்று எழுத்தை மட்டும் மாற்றினார். அரைப் பைட்டுக்கு, அதாவது நாலு பிட்டுக்கு, நிபிள் என்று பெயர். நிபிள் என்றால் கொறிப்பது. கச்சானை வேறு என்ன செய்வோம்?

பாலைமரத்தடி

144 பிட்டுக்காக ஏற்றுக்கொள்கிறேன். கொறிப்பதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

குளக்கட்டு

அண்ணை சொன்ன அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது, காதுக்கும் கைக்கும் பொருந்த வேண்டும். அப்படி ஒன்றை நானே கொண்டுவருகிறேன், சரி பிழை சொல்லுங்கள். குழல் புட்டு ஒரு வரிசை, கியூ. மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி ஒரு பக்கத்தால் போகின்றன, மறுபக்கத்தால் வருகின்றன. முதலில் போனது முதலில் வரும்.

கொக்கிளாய்க்காரி (முல்லைத்தீவு)

சேர், மன்னிக்க வேண்டும், நீங்கள் அண்மையில் குழல் புட்டு அவிக்கவில்லை என்று நினைக்கிறேன். குழலின் அடியில் ஓட்டைச் சில்லு கிடக்கும். மாவை மேல் வாயால் நிரப்புவோம். அவிந்த பிறகு அடியில் இருந்து தடியால் தள்ளுவோம். சில்லு மேலே ஏற ஏறப் புட்டு அதே மேல் வாயால்தான் வெளியே வரும். கடைசியாகப் போட்ட தேங்காய்ப்பூ முதலில் தட்டில் விழும். இது அடுக்கு, ஸ்டாக். இன்றைக்கு மூங்கில் குழலிலேயே சோதித்துவிட்டு எழுதுகிறேன். கடைசி அடுக்குக்கு மட்டும் குரக்கன் மா போட்டேன். முதலில் வெளியே எட்டிப் பார்த்தது அந்தக் கறுத்தத் துண்டுதான்.

நீத்துப்பெட்டிப் புட்டு வேறு. பெட்டியைக் கவிழ்த்தால் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும், முன் பின் கிடையாது. அதைக் கணம், செட், என்று சொல்லிக் கொடுங்கள்.

குளக்கட்டு

அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. வீட்டிலும் கேட்டேன், அம்மா சிரித்துவிட்டு உங்கள் பக்கம் நின்றுவிட்டார். கியூவுக்கு வேறு தேட வேண்டும். திங்கட்கிழமை குரக்கன் மாவோடு ஒரு குழலை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன்.

மடுச்சந்தி (மன்னார்)

கியூவுக்கு ஏன் தேடுகிறீர்கள் சேர்? கோயில் அன்னதானத்தில் முதலில் வந்தவருக்கு முதலில் இலை. அதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள்.

நான் பழைய கோட் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் "பழைய கோட்டை" என்றால் போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய மன்னார்க் கோட்டை நினைவுக்கு வரும். எனக்கு இனி 2012இல் எழுதிய உள்நுழைவுப் பக்கமும் நினைவுக்கு வரும். கடவுச்சொற்களை எம்டி5 முறையில் ஹாஷ் செய்து சேமித்தேன், உப்புப் போடவில்லை. ஒருநாள் அட்டவணையைத் திறந்து பார்த்தபோது இரண்டு பேருடைய வரியில் ஒரே எழுத்துக்கோவை. இருவரும் தங்கள் ஊர்ப் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். ஒருவருடையதைக் கண்டுபிடித்தால் மற்றவருடையதும் போய்விடும். அதோடு, எல்லோரும் வழக்கமாக வைக்கிற சொற்களுக்கு முன்கூட்டியே ஹாஷ் கணக்கிட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு நொடி வேலை.

உப்பு என்பது ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக உண்டாக்கிச் சேர்க்கிற தற்போக்கான எழுத்துகள். அதைச் சேர்த்தால் ஒரே கடவுச்சொல்லும் வேறு வேறு ஹாஷாக மாறிவிடும். அன்று இரவே திருத்தினேன், எம்டி5ஐ விட்டு, உப்பையும் சேர்த்தே ஹாஷ் செய்கிற பிகிரிப்ட் முறைக்குப் போனேன். கோப்பின் முதல் வரியில் குறிப்பாக எழுதினேன்: உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. எனக்குப் பிறகு அந்த வேலையை எடுத்தவர் அந்த வரியை அழிக்கவில்லை என்று கேள்விப்பட்டபோது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஐஸ்பழம்

மடுச்சந்தி அண்ணை, ஹாஷ் என்றால் என்ன? சேர் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை.

மடுச்சந்தி

கொத்துரொட்டி, தங்கச்சி. ஆங்கிலச் சமையலில் ஹாஷ் என்றால் நறுக்கிக் கலப்பது. கணினிக்கும் அங்கிருந்துதான் அந்தச் சொல் வந்தது. கடைக்காரர் ரொட்டியைக் கல்லில் போட்டு இரண்டு தகடுகளால் கொத்துகிறார். ஒரே ரொட்டியை ஒரே மாதிரிக் கொத்தினால் ஒரே கொத்து வரும். ஆனால் கொத்தைப் பார்த்து முழு ரொட்டியைத் திரும்பச் செய்ய யாராலும் முடியாது. கடவுச்சொல்லை அப்படிக் கொத்தி வைத்தால், அட்டவணையைத் திருடியவன் கையிலும் கொத்துதான் இருக்கும், ரொட்டி இருக்காது. நீ உள்ளே வரும்போது உன் ரொட்டியை மறுபடி கொத்தி, இருக்கிற கொத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பாலைமரத்தடி

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. சொல்லும் பொருந்துகிறது, கல்லும் பொருந்துகிறது.

கொக்கிளாய்க்காரி

கொத்து வந்துவிட்டதால் என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

2013 செப்டம்பர், ரயில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்த மாதம். ஏ9 ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு விஷுவல் பேசிக்கில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடையில் பகலில் அரிசி, பருப்பு, சாமான்கள். பின்னேரம் கொத்துரொட்டி. அரிசியைக் கிலோவிலும் விற்பார்கள், வயதானவர்கள் கேட்டால் கொத்துக் கணக்கிலும் அளந்து கொடுப்பார்கள். அதனால் அலகு அட்டவணையில் கிலோ, லீற்றர், சுண்டு, கொத்து என்று எல்லாவற்றையும் போட்டேன். விற்பனையைத் தட்டும்போது என் கோட் முதலில் அலகைத் தேடும், பிறகு பொருளைத் தேடும். அலகு மட்டும் இருந்து பொருள் இல்லாவிட்டால், அது அரிசிதான் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது அது நல்ல யோசனையாகத் தோன்றியது.

பின்னேரம் கடைப் பையன் "2 கொத்து" என்று தட்டினான். அடுப்பில் இரண்டு கொத்துரொட்டி தயாரானது. கணினியில் இரண்டு கொத்து அரிசி குறைந்தது. ஒவ்வொரு நாளும் இப்படியே. ஒரு மாதம் கழித்துக் கடைக்கார அம்மா என்னைக் கூப்பிட்டுச் சாக்கைக் காட்டினார். அரிசி வாய்வரை இருக்கிறது. திரையில் கழித்தல் குறியோடு ஒரு எண். "பிள்ளை, சாக்கில கிடக்கிற அரிசியை உம்மட பெட்டி திண்டு முடிச்சிட்டுது" என்றார். அவரோடு இருந்து சுண்டால் அளந்து சாக்கு முழுவதையும் எண்ணினேன். பிறகு பில் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், கழிந்த அரிசி எல்லாம் ஆறு மணிக்குப் பிறகு கழிந்திருப்பது தெரிந்தது.

எண் மட்டும் போதாது, அது எந்தப் பொருளின் எண், எந்த அலகில் என்று இரண்டையும் கேட்காமல் எதையும் கழிக்கக்கூடாது என்று அன்றைக்குப் படித்தேன். பொருளுக்குக் கொத்துரொட்டி என்று முழுப் பெயர் வைத்தேன், ஊகிக்கிற அந்த நாலு வரியையும் எடுத்தேன். அந்தக் கோட் இன்னும் என்னிடம் இருக்கிறது. மாறிகளின் பெயர்கள் கொத்து1, கொத்து2, உண்மைக்கொத்து. உண்மைக்கொத்துதான் அரிசி.

முறிகண்டிக் கச்சான்

அக்கா, இது தரவு வகைப் பாடத்துக்கென்றே எழுதினது போல இருக்கிறது. "மூன்று கொத்து" என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் சாக்கு இருக்கிறதா, வயிற்றில் பசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கணினிக்கு அந்த இரண்டும் தெரியாது.

கொக்கிளாய்க்காரி

இன்னும் முடியவில்லை தம்பி. அந்த பில்கள் பாமினி எழுத்துருவில் அச்சாகின. பல வருடம் கழித்து எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்ற நானே ஒரு மாற்றி எழுதினேன். மாற்றி முடிந்ததும் உணவுப் பட்டியலைத் திறந்தால் "ெகாத்துெராட்டி", "ெகாழுக்கட்ைட", "ேதாைச". கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பாலைமரத்தடி

"ேதாைச"! இதைப் பார்த்ததும் என் பழைய கோட் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. பிள்ளைகளுக்காக விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் பாமினியை இன்றைக்குப் படிப்பவர்கள் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார்த்தி வைத்த எழுத்துரு. ஜே விசையைத் தட்டினால் த, கே விசைக்கு ம, அரைப்புள்ளி விசைக்கு மேற்புள்ளி. கோப்பின் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து, எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒன்றும் வாசிக்க முடியாது. அதைவிட முக்கியம், கையால் எழுதுகிற அதே ஒழுங்கில் தட்ட வேண்டும். கொ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட் அப்படி இல்லை. மெய்யெழுத்துத்தான் முன்னால் வரும், உயிர்க்குறி கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்தாலும் சேமிப்பில் பின்னால்தான். ஆகவே விசைக்கு விசை மாற்றினால் போதாது. கொம்பையும் சங்கிலிக் கொம்பையும் தூக்கி அடுத்த எழுத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். அக்காவின் மாற்றி அந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டுவிட்டது. தோசைக்கு இரண்டு இடத்தில் அடி, தோவிலும் சையிலும். வடையில் ஒரு இடம். அப்பம் தப்பிவிடும், அதில் முன்னால் வருகிற குறி எதுவும் இல்லை.

கொக்கிளாய்க்காரி

அதேதான் அண்ணை. கொம்பைத் தூக்கி வைக்கிற படியை எழுதினேன், பட்டியல் அழகாக வந்தது. அதற்குப் பிறகும் தேடல் பெட்டியில் கொத்துரொட்டி என்று தட்டினால் "இல்லை" என்றே வந்தது. திரையில் கொத்துரொட்டி என் கண் முன்னால் இருக்கிறது! மூன்று நாள் தூங்கவில்லை.

பாலைமரத்தடி

ஒகரக் குறி?

கொக்கிளாய்க்காரி

ஒகரக் குறி! என் மாற்றி க, கொம்பு, கால் என்று மூன்று குறியீடாகப் போட்டிருந்தது. விசைப்பலகையில் தட்டினால் க, ஒகரக் குறி என்று இரண்டு. கண்ணுக்கு இரண்டும் கொ தான், எழுத்துரு ஒரே மாதிரி வரைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்கிற கோட்டுக்கு "கொத்து" என்பது ஒரு பக்கம் ஆறு குறியீடு, மறுபக்கம் ஏழு. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு இரண்டையும் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதிகாலை நாலு மணிக்குக் கொத்துரொட்டி அகப்பட்டது. அம்மா எழும்பி வந்து, ஏன் பிள்ளை கத்துகிறாய் என்று கேட்டார்.

குளக்கட்டு

இதை இரண்டு பாடமாகப் பிரித்து எடுக்கப் போகிறேன். தமிழில் நிரல் எழுதுகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாள் இந்தக் கொம்பில் இடறத்தான் போகிறது. முன்கூட்டியே கொத்துரொட்டியோடு சேர்ந்து தெரிந்திருந்தால், அதிகாலை நாலு மணிவரை இருக்க வேண்டி வராது.

முறிகண்டிக் கச்சான்

கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவின் சாப்பாட்டு மேசையை யாரும் சொல்லவில்லையே. 1965இல் அவர் தேர்வுக் கேள்வியாகக் கொடுத்த சிக்கல் பிறகு ஐந்து மெய்யியலாளர்களின் கதையானது. ஐந்து பேர், ஐந்து முள்ளுக்கரண்டி, ஒவ்வொருவருக்கும் சாப்பிட இரண்டு வேண்டும். எல்லோரும் இடப்பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்துக்குக் காத்திருந்தால் எல்லோரும் பட்டினி. கையால் சாப்பிடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு முள்ளுக்கரண்டிக் கணக்கு ஒட்டாது. நான் இப்படிச் சொல்வேன்: பந்தியில் சம்பல் கிண்ணம் ஒன்று, சொதிச் சட்டி ஒன்று. இடியப்பத்துக்கு இரண்டும் வேண்டும். அண்ணன் சம்பலைப் பிடித்துக்கொண்டு சொதி வரட்டும் என்கிறான். தம்பி சொதியைப் பிடித்துக்கொண்டு சம்பல் வரட்டும் என்கிறான். இடியப்பம் ஆறுகிறது. அதுதான் டெட்லொக். தீர்வு, யாராக இருந்தாலும் முதலில் சம்பல், பிறகுதான் சொதி என்று ஒரு ஒழுங்கு வைப்பது. சம்பல் கிடைக்காதவன் சொதியைத் தொடவே மாட்டான், ஆகவே மற்றவன் சாப்பிட்டு முடிப்பான்.

எங்கள் வீட்டில் அம்மம்மா இந்த விதியை எப்போதோ போட்டுவிட்டார்.

ஐஸ்பழம்

அண்ட்ரொய்டுக்கு முன்பு இனிப்புப் பெயர் வைத்தார்கள்தானே. 2009இல் கப்கேக், பிறகு ஆங்கில அகரவரிசையில் பை வரைக்கும். 2019இல் நிறுத்தி 10 என்று எண்ணை மட்டும் வைத்தார்கள். எங்கள் வகுப்பில் தமிழ் அகரவரிசையில் போட்டுப் பார்த்தோம். அப்பம், ஆட்டிறைச்சிக் கறி, இடியப்பம், ஈரப்பலாக்காய், உழுந்து வடை, ஊறுகாய், எள்ளுருண்டை, ஏலக்காய்த் தேத்தண்ணி, ஐஸ்பழம் (இது நான்), ஒடியல் கூழ், ஓட்டை வடை. ஔவில் மாட்டிக்கொண்டோம். உழுந்து வடையும் ஓட்டை வடையும் ஒன்றுதான் என்று ஒரு பக்கம் சண்டை நடக்கிறது.

பாலைமரத்தடி

ஔவையின் நெல்லிக்கனி. அதியமான் கொடுத்தது. நீண்ட ஆயுள் தரும் கனி, நீண்டகாலம் ஆதரவு தருகிற பதிப்புக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. உகரத்துக்கு உப்புமா போடுங்கள், சண்டை தீரும்.

வவுனிக்குளம் (மல்லாவி)

எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு வருகிறேன் பிள்ளைகள். என் பழைய கோட் கணினியில் இல்லை, கொப்பியில் இருக்கிறது. ஐஸ்பழம் தங்கச்சி, உன் வசனத்தில் வருகிற அதே கொப்பி.

1996. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு வந்திருந்தோம். மின்சாரம் இல்லை. கணினியை நான் பார்த்ததே இல்லை. பேசிக் என்ற நிரல்மொழிப் புத்தகம் ஒன்று மட்டும் உடுப்புப் பையோடு வந்து சேர்ந்தது. நானும் ஒரு நண்பனும் இரவில் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதைப் படித்தோம். நான் நிரல் எழுதுவேன், அவன்தான் கணினி. கொப்பியில் வரி எண்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தி, விடையை வாயால் சொல்வான். நாங்கள் எழுதிய முதல் நிரல் இது, தமிழ் எழுத்தில் தருகிறேன்:

10 இன்புட் "எத்தனை சுண்டு மா", எம்
20 இஃப் எம் >= 3 தென் 50
30 பிரிண்ட் "கஞ்சி"
40 கோ டு 10
50 பிரிண்ட் "புட்டு"
60 கோ டு 10

அவன் வீட்டில் ஏழு பேர், மூன்று சுண்டுக்குக் குறைந்தால் புட்டு காணாது. அன்றன்றைக்கு அவன் வீட்டில் உள்ள மாவின் உண்மையான கணக்கைத்தான் உள்ளீடாகக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். நிரலை நிற்பாட்ட வரி எழுதவில்லை. மண்ணெண்ணெய் விலை அப்படி. விளக்கை அணைத்தால் நிரல் நின்றுவிடும்.

கொப்பியின் ஓரத்தில் கறையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. வரிகள் ஆறும் அப்படியே இருக்கின்றன.

கொக்கிளாய்க்காரி

அண்ணை, இதை ஒருதடவையாவது கணினியில் ஓட்டிப் பார்த்தீர்களா?

வவுனிக்குளம்

இல்லை. 2003இல் முதன்முதலில் கணினியைத் தொட்டபோது இந்தக் கொப்பி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. போன வருடம்தான் கூரை மாற்றும்போது கிடைத்தது.

குளக்கட்டு

அனுமதி தந்தால் திங்கட்கிழமை வகுப்பில் ஓட்டுகிறோம் அண்ணை.

வவுனிக்குளம்

தாராளமாக.

ஐஸ்பழம்

ஓடிவிட்டது! சேர் பழைய பேசிக்கை ஓட்டும் ஒரு இலவச மென்பொருளை இறக்கி வைத்திருந்தார். நான்தான் தட்டினேன். ஆறு வரியிலும் ஒரு பிழை வரவில்லை. முதலில் 2 கொடுத்தோம், கஞ்சி என்று வந்தது. 5 கொடுத்தோம், புட்டு என்று வந்தது. எல்லைப் பெறுமானத்தைச் சோதிக்க வேண்டும் என்று சேர் சொன்னதால் சரியாக 3 கொடுத்தோம், அதற்கும் புட்டு. அப்புறம் எப்படி நிற்பாட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மணி அடித்த பிறகும் "எத்தனை சுண்டு மா" என்று கேட்டபடியே திரையில் நின்றது. குரக்கன் போட்ட குழல் புட்டையும் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். கறுத்தத் துண்டு முதலில்தான் வந்தது.

வவுனிக்குளம்

இரண்டு தடவை வாசித்தேன் தங்கச்சி. எங்கள் விரல் ஒருநாளும் 40ஆம் வரியைத் தாண்டிப் போனதில்லை. அந்த மாரி முழுக்க உண்மையான கணக்கைத்தான் கொடுத்தோம், மூன்று சுண்டு ஒருநாளும் வரவில்லை. 50ஆம் வரி உங்கள் வகுப்பில்தான் முதன்முதலாக ஓடியிருக்கிறது.

கணினியாக இருந்த நண்பன் இப்போது கனடாவில். உடனே தொலைபேசி எடுத்து, புட்டு வந்துவிட்டது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "என்ன கறி?" என்று கேட்டான்.